ஆப்ஷன் எல்லப்பன்

ஓசூரில் எல்லப்பா என்று கூப்பிட்டால் ஒரு தெருவே திரும்பிப் பார்க்கும். ஆப்ஷன் எல்லப்பா என்று கூப்பிட்டால் ஒருவன்தான் திரும்புவான், அதுவும் மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டு. அந்தப் பட்டம் வந்த கதையில் சிரிக்க நிறைய இருக்கிறது. அது போன கதையில் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மனிதன் முழுசாகக் கிடைப்பான்.

பிறந்தது மத்தூருக்குப் பக்கத்தில். அப்பா மாட்டுத் தரகர். குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவர் ஒரு பசுவின் வாலைத் தூக்கிப் பார்த்தாரானால், அதன் பாட்டி எவ்வளவு கறந்தது, எந்த ஊர் மணியக்காரரை முட்டித் தள்ளியது என்பதுவரை சொல்லிவிடுவார் என்று பேச்சு. அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தோள்துண்டை உதறிக் கையின்மேல் போர்த்துவார். துண்டுக்கடியில் விற்கிறவன் விரலும் வாங்குகிறவன் விரலும் பேசிக்கொள்ளும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. விலை ஒத்துவராவிட்டால் அதையும் யாரும் சொல்வதில்லை. விற்கிறவன் கையை மெல்ல உருவிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பிப்பான். வேண்டாம் என்று அர்த்தம். வாங்க வந்தவன் சந்தையை ஒரு சுற்று சுற்றுவான், டீ குடிப்பான், மாட்டைப் பார்க்காதவன்போல அந்தப் பக்கமே நடப்பான், கடைசியில் வந்து மறுபடி துண்டுக்கடியில் கையை விடுவான். இந்தத் தடவை ஒரு விரல் கூடுதலாக நீளும். பேசாமல் உட்கார்ந்திருந்தவனிடம் விலை தானாக நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் எல்லப்பன். பள்ளிக்கூடத்தில் படித்ததில் பாதி மறந்துபோயிற்று. இது மறக்கவில்லை.

அவனை மட்டும் யாரும் எதுவும் கேட்டதில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் அப்பா கையில் ஒரு பையைக் கொடுத்து ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். காலேஜா, கம்பெனியா என்று கேட்கவில்லை. கம்பெனியில் பிரஸ்ஸா, பெயிண்டா என்று கேட்கவில்லை. அவன் வரிசையில் நின்ற இடம் பிரஸ்ஸுக்கு எதிரே இருந்தது, அதனால் பிரஸ். தளி பக்கத்தில் நாகம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று அவன் பார்த்தது கேசரித் தட்டை மட்டும்தான். நிமிர்ந்தபோது தேதி குறித்தாகிவிட்டது. நாகம்மா கன்னடத்தில் யோசித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் சமாதானம் செய்கிற பெண். சமாதானம் செய்யும் நாட்கள் குறைவு என்பதால் அவளுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வந்தது.

கம்பெனி செய்தது கார்க் கதவின் கைப்பிடி. எல்லப்பன் நின்ற பிரஸ், தகட்டை அழுத்தி வளைக்கிற இயந்திரம், ஒரு தரம் இறங்கினால் ஜூஜூவாடி செக்போஸ்டில் லாரிக்காரன் கையிலிருக்கும் டீ தளும்பும். மிகை என்று நினைக்கிறவர்கள் பாதி தளும்பியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சத்தத்தில் இருபது வருஷம் நின்றவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகி, குரல் பெரிதாகிவிட்டது. குரல் பெரிதாக இருப்பவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று பிரஸ் செக்‌ஷனில் ஒரு நம்பிக்கை. போதாக்குறைக்கு அவன் பன்னிரண்டாவது படித்தவன். நோட்டீஸ் போர்டில் இங்கிலீஷில் எது ஒட்டினாலும் ஆட்கள் முதலில் போர்டைப் பார்ப்பார்கள், அப்புறம் எல்லப்பனைப் பார்ப்பார்கள்.

ஆப்ஷன் என்ற சொல் அந்தக் கம்பெனிக்குள் கேன்டீன் வழியாக நுழைந்தது. ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வந்த ஆனந்த் என்கிற இளைஞன், சாப்பாட்டு வரிசையின் தலைப்பில் ஒரு பலகை வைத்தான். இன்று இரண்டு ஆப்ஷன், சப்பாத்தி அல்லது சாதம்.

“ஆப்ஷன்னா என்னாங்கண்ணா?” என்று கேட்டாள் நஞ்சம்மா. கான்ட்ராக்டில் தரை கூட்ட வருகிறவள், ராயக்கோட்டைக்காரி.

எல்லப்பன் தட்டைக் கீழே வைத்தான். சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது அவன் கையில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான். “விருப்பம்னு சொல்லலாம். தேர்வுன்னும் சொல்லலாம், ஆனா தேர்வுன்னா நீங்க பரீட்சைன்னு ஓடிருவீங்க. வழின்னு வெச்சுக்க. அவங்க ரெண்டு வழி காட்டுவாங்க. எதுல போறதுன்னு நாம சொல்லணும். நாம சொல்ற வரைக்கும் அவங்க நிக்கணும். ஆப்ஷன்ல பெரிய விசயமே அதான்.”

“ரெண்டு வழியுமே நம்ம ஊருக்குப் போகலைன்னா?”

“மூணாவது வழிய அவங்களே காட்டுவாங்க. நாம பேசாம நிக்கணும்.”

“எனக்குச் சப்பாத்தி வைங்க” என்று நஞ்சம்மா தட்டை நீட்டினாள்.

“கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குச் சாதந்தான்மா” என்றான் பரிமாறுகிறவன்.

“அப்ப எங்களுக்கு ஆப்ஷன் இல்லியா?”

“இருக்குதே,” என்றான் வரிசையில் பின்னால் நின்ற குலாம் ரசூல். “சாதத்த இங்க உக்காந்தும் திங்கலாம், அங்க உக்காந்தும் திங்கலாம்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. நஞ்சம்மாவும் சிரித்தாள். சாதத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஷூவுக்கு ஆப்ஷன், ஷிஃப்டுக்கு ஆப்ஷன், தீபாவளிக்கு ஸ்வீட்டா காரமா என்று ஆப்ஷன். ஆட்கள் ஆளாளுக்கு எல்லப்பனைக் கேட்பார்கள், அவன் தட்டைக் கீழே வைப்பான். பட்டம் அப்படித்தான் வந்தது. ஒரு கட்டத்தில் பிரஸ் செக்‌ஷனில் தும்மல்கூட மூக்கு வழியா வாய் வழியா என்று ஆப்ஷன் கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்ததாகச் சொல்வார்கள். சொல் வீட்டுக்கும் போயிற்று. “ரெண்டு ஆப்ஷன்,” என்பாள் நாகம்மா. “உப்புமா திங்கறது, இல்ல பட்டினி கெடக்கறது. மூணாவது வழி காட்டட்டும்னு நீங்க பேசாம உக்காந்தா, தட்டு கழுவப் போயிரும்.”

கம்பெனிக்கும் நாகம்மாவுக்கும் இருந்த ஒற்றுமையை எல்லப்பன் அப்போது கவனித்திருக்கலாம்.

குலாம் ரசூல் டூல் ரூமில் ஃபிட்டர், எல்லாருக்கும் பாய். எல்லப்பனும் அவனும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே பைக்கில் வருகிறவர்கள். பைக் பாயுடையது, பேச்சு எல்லப்பனுடையது. பாகலூர் ரோட்டிலிருந்து கம்பெனி கேட் வரை எல்லப்பன் பின்னால் உட்கார்ந்து உலகத்தை விளக்கிக்கொண்டே வருவான், பாய் குழிகளைத் தப்பித்துக்கொண்டே வருவான். பாயின் மனைவி சுக்ராவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முதலில் வயசு என்றார்கள், அப்புறம் ரத்தம் குறைவு என்றார்கள். கடைசியில் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மாற்ற வேண்டும் என்று தெரிந்தது. கம்பெனியின் காப்பீட்டு அட்டை இருந்ததால் தனியார் ஆஸ்பத்திரியில் செய்வதாக ஏற்பாடு. உடம்பு கொஞ்சம் தேறட்டும், மழை முடியட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அட்டையைப் பாய் பர்ஸில் வைக்க மாட்டான். பர்ஸ் தொலையலாம். சட்டைப் பையில், நெஞ்சோடு வைத்திருப்பான்.

மழை முடியுமுன் செய்தி வந்தது. எல்லாரையும் ஷெட்டில் கூட்டி, பிரஸ்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆனந்த் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றான். பிரஸ் ஓடாத ஷெட்டில் அவன் குரல் பயந்த குரலாகக் கேட்டது.

“அண்ணா, எல்லாரும் கேளுங்க. மேனேஜ்மென்ட் இந்த லைனைக் குஜராத்துக்கு மாத்தறாங்க. உங்களுக்கு ரெண்டு ஆப்ஷன். ஒண்ணு, அங்க வர்றீங்க. அதே வேலை, அதே சீனியாரிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் தொடரும். ரெண்டாவது, செட்டில்மென்ட் வாங்கிட்டு நின்னுக்கறீங்க. யாரையும் கட்டாயப்படுத்தல. மாசக் கடைசிக்குள்ள எங்கிட்ட வந்து சொல்லிடுங்க. சொல்லாதவங்களுக்கு மேனேஜ்மென்ட்டே முடிவு பண்ணும்.”

ஆட்கள் ஆனந்தைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லப்பனைப் பார்த்தார்கள்.

சொல்லாதவர்களுக்கு என்ன முடிவு என்று அந்த இடத்தில் ஒருவன் கேட்டிருந்தால் கதை வேறு. கேட்க வேண்டியவன் எல்லப்பன். அவனுக்கோ கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. மேனேஜ்மென்ட் முடிவு பண்ணும் என்றதும், வாங்க வந்தவன் சந்தையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரப்போகிறான் என்றுதான் அவனுக்குப் பட்டது. இருபது வருஷம் கை பழகிய ஆட்களை இப்படி இரண்டே வார்த்தையில் எவனாவது விடுவானா? கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், மாலூரில், கம்பெனிக்கு இன்னொரு பிளான்ட் இருந்தது. கம்பெனி பஸ் விட்டால் இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம். மாலூர்தான் கூடுதலாக நீளப்போகிற விரல். வாயைத் திறந்து குஜராத் என்றோ செட்டில்மென்ட் என்றோ சொன்னால் அந்த விரல் மடங்கிவிடும்.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இதை அவன் விளக்கினான். பாய் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எனக்குக் குஜராத்தே போதும் எல்லப்பா. கார்டு இருக்கற வரைக்கும்தான் சுக்ராவுக்கு ஆபரேஷன். நாளைக்கே போயி வர்றேன்னு சொல்லிடறேன்.”

“அங்க போயி? ஆபரேஷன் ஆன பொம்பளைய யாரு பாத்துப்பா? பாஷை தெரியாத ஊர்ல கஞ்சி வேணும்னா யாரக் கேப்ப? மாலூர்னா கார்டும் இருக்கும், வீடும் இருக்கும், நாகம்மாவும் பக்கத்துல இருப்பா.”

“மாலூர்னு அவங்க சொல்லவே இல்லியே.”

“எப்படிச் சொல்லுவான்? நீ ஓடிப்போயி குஜராத்னு கையப் புடிச்சா அவன் ஏன் மாலூரப் பத்திப் பேசப்போறான்? எல்லாரும் ஒட்டுக்கா சும்மா இரு. ரெண்டுமே வேணாம்னு அவனுக்குப் புரியும். தானா வருவான்.”

பாய் கேட்டைப் பார்த்தான். சேர்ந்த நாளிலிருந்து எந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் அவன் எல்லப்பனைத்தான் கேட்டிருக்கிறான். மருந்துச் சீட்டைக்கூட எல்லப்பன்தான் படித்துச் சொல்வான். “சரி,” என்றான். டீயில் ஆடை படிந்திருந்தது, அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தான்.

பிரஸ் செக்‌ஷன் வாயை மூடிக்கொண்டது. டூல் ரூம் மூடிக்கொண்டது. பெயிண்டிலிருந்து மட்டும் சில இளைஞர்கள் போய்க் குஜராத் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவர்களை எல்லப்பன் பார்த்த பார்வையில் பெயிண்ட் உரிந்தது. அவ்வளவு அமைதியான வேலைநிறுத்தத்தை ஓசூர் பார்த்ததில்லை. வேலை ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் எதையும் கேட்கவில்லை, வேலைநிறுத்தம் நடக்கிறது என்பது நிர்வாகத்துக்கே தெரியாது.

நாகம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. “நீங்க சும்மா இருக்கறது வேணாம்னு அர்த்தம்னு அவங்களுக்கு யார் சொன்னது?”

“சொல்லணுமா? தெரியாதா?”

“அந்தப் பையன் ஆனந்த் ஊரு எது?”

“சென்னையாம்.”

“மாட்டுச் சந்தைக்கு வந்திருப்பானா?”

எல்லப்பன் சோற்றைப் பிசைந்தான். கேள்வி சின்னதாக அவனுக்குப் பட்டது.

மாசக் கடைசி நெருங்கியபோது ஒருநாள் ஆனந்த் நிஜமாகவே டீக்கடைக்கு வந்துவிட்டான். கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, ஆபீஸ் ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்காத அந்தக் கடைக்கு வந்து, அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். டீ சொன்னான். எல்லப்பன் மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டான். வாங்க வந்தவன் சுற்றிவிட்டு வந்துவிட்டான்.

“அண்ணா, நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒண்ணும் சொல்லல.”

எல்லப்பன் எதிரே போன மண் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன். சொல்லாம விட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஏதோ ஒண்ணு சொல்லிடுங்க. குலாம் அண்ணா, உங்க வீட்டுல உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். நீங்களாவது.”

பாய் நிமிர்ந்தான். வாய் திறந்தது. சார், நான் என்று ஆரம்பிக்கப் போகிறான் என்பது பெஞ்சிலேயே தெரிந்தது. எல்லப்பன் லாரியிலிருந்து கண்ணை எடுக்காமல், பெஞ்சுக்கடியில் கையை விட்டு, பாயின் முட்டியை அழுத்தினான். நன்றாகவே அழுத்தினான். இன்னும் ஒரு விரல் வரும், பொறு.

பாய் வாயை மூடிக்கொண்டான்.

ஆனந்த் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். “சரிங்கண்ணா. உங்க விருப்பம்,” என்றான்.

அவன் ரோட்டைத் தாண்டும்வரை எல்லப்பன் பொறுத்திருந்தான். “பாத்தியா பாய்? தேடிக்கினு வந்துட்டான். இனி மாலூர்தான்.”

மாலூர் வரவில்லை. மாசம் முடிந்தது, அடுத்த மாசத்தின் முதல் காலை வந்தது. கேட்டில் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் இயந்திரம் எல்லப்பனின் முகத்தைப் பார்த்துச் சிவப்பு விளக்கைக் காட்டியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினான், மீசையை ஒதுக்கிக் காட்டினான். சிவப்பு. பாய்க்கும் சிவப்பு. பின்னால் வரிசையில் நின்ற பிரஸ் செக்‌ஷனுக்கே சிவப்பு. கொஞ்ச நேரத்தில் ஆனந்த் வெளியே வந்தான். இரவு தூங்காத முகம்.

“அண்ணா, சொல்லாதவங்க எல்லாரும் செட்டில்மென்ட் ஆப்ஷன் எடுத்ததாக் கணக்கு. நேத்தோட ரிலீவ் ஆயிட்டீங்க.”

“நாங்க எதையும் எடுக்கலியே” என்றான் எல்லப்பன். அவன் பெரிய குரல் அன்று எங்கோ போயிருந்தது.

“எடுக்கலைன்னா அதுதான் அண்ணா. அன்னிக்கே சொன்னேனே, மேனேஜ்மென்ட் முடிவு பண்ணும்னு.”

“மாலூருக்கு?”

“மாலூரா?” ஆனந்துக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “மாலூர் பிளான்ட்ட வித்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. அது இப்ப வேற கம்பெனிண்ணா.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு என்று சொல்ல முடியாது, காற்று வெளியே வந்த சத்தம். எல்லாரும் எல்லப்பனைப் பார்த்தார்கள். எப்போதும் பார்க்கிற மாதிரிதான், பொருள் சொல்லப்போகிறான் என்கிற மாதிரி. அவன் கையில் எதுவும் இல்லை, கீழே வைக்க.

பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “சார், கார்டு?”

“நேத்து வரைக்கும்தான் அண்ணா.”

“இப்ப குஜராத் வர்றேன்னா?”

“லிஸ்ட் போயிடுச்சு. நான் கேட்டுப் பாத்தேன். உங்களுக்காகத் தனியாவே கேட்டேன்.” ஆனந்த் தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் தாங்க முடியாதது. திட்டவும் ஆள் இல்லாமல் போயிற்று.

திரும்பும்போது பைக்கை ஸ்டார்ட் பண்ணுமுன் பாய் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். “அன்னிக்கு டீக்கடையில நான் சொல்லியிருப்பேன் எல்லப்பா,” என்றான். “வாய் வரைக்கும் வந்திருச்சு. நீ முட்டிய அழுத்தின.” கோபமாகச் சொல்லியிருந்தால் எல்லப்பன் ஏதாவது பதில் தேடியிருப்பான். நட்டு லூசாக இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான். அன்று பாகலூர் ரோட்டில் பைக் எல்லாக் குழியிலும் விழுந்து எழுந்து போனது.

அந்த நாளோடு ஆப்ஷன் என்ற பட்டம் உதிர்ந்தது. யாரும் கூடிப் பேசி எடுக்கவில்லை. அவனைக் கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு லேசாகும். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, காசு கொடுத்துவிட்டு, வேலை இருப்பவர்கள் மாதிரி போவார்கள். அவர்களுக்கும் வேலை இல்லை.

இயந்திரங்களைக் கழற்றி ஏற்றும் கான்ட்ராக்டர் ஒருவன் வந்தபோது, பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினான். பாய் போனான். கழற்றி, லாரியில் ஏற்றி, லாரியோடேயே குஜராத்துக்கும் போய்ச் சேர்ந்தான். கம்பெனி முதலில் கூப்பிட்ட அதே ஊர், அதே டை, அதே வேலை. சீனியாரிட்டி இல்லை, கார்டு இல்லை. போகுமுன் எல்லப்பனின் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல், செருப்பைக் கழற்றாமல் நின்று சொன்னான். “சுக்ராவ பெங்களூரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போகணும். பொண்ணு ஸோயாவுக்குக் காலேஜ். வேற ஆளு இல்ல. இல்லைன்னா உங்கிட்ட வந்திருக்க மாட்டேன்.”

“நான் போறேன் பாய்.”

“போனா போதும். அங்க போயி அவங்களுக்கு ஒண்ணும் வெளக்காத.”

செட்டில்மென்ட் பணம் கடனிலும் காலேஜ் ஃபீஸிலும் கரைந்துவிட்டது. அரசாங்கக் காப்பீட்டுக்கு எழுதிப்போட்டிருந்தார்கள். வருமானத்துக்கான சான்றிதழில் பழைய கம்பெனிச் சம்பளம் நின்றுகொண்டிருந்ததால் அது நகரவில்லை. எனவே பெங்களூரு, குறைந்த செலவில் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி. இருட்டோடு கிளம்பி, அத்திப்பள்ளி தாண்டி, வாகனங்களின் நடுவே ஊர்ந்து, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது வரிசை அதற்கு முந்திய ஊரில் ஆரம்பித்தது போல இருக்கும். எல்லப்பன் நிற்பான், சுக்ரா தூணோரம் உட்காருவாள். தலையில் போட்ட துணியை வாயில் அழுத்திக்கொண்டு இருமுவாள். பழகிய மனுஷி, எல்லாவற்றையும் வேடிக்கையாகப் பேசுகிறவள். “அண்ணே, இந்த வரிசையில நின்னா வால்வு தானா மூடிக்கும். பயத்துல,” என்பாள். அவன் சிரிக்க முயல்வான். அவள் அவனை ஒருநாளும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்காகவே அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த மருந்துப் பையைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தான்.

படங்கள் எடுத்து, ரத்தம் எடுத்து, பல நடை நடந்த பிறகு ஒருநாள் பெரிய டாக்டர் பார்த்தார். களைத்த மனிதர். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிப் பேசினார். பேச்சின் நடுவில், வரக்கூடாத இடத்தில், அந்தச் சொல் வந்தது. “ரெண்டு ஆப்ஷன் இருக்கு.” இங்கேயே பெயர் எழுதிக் காத்திருப்பது ஒன்று. எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது, முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதுவரை இதயம் தாங்குமா என்றும் சொல்ல முடியாது. வெளியே எங்காவது சீக்கிரம் செய்துகொள்வது இன்னொன்று.

சுக்ரா எல்லப்பனைத் திரும்பிப் பார்த்தாள். கன்னடம் அவளுக்குத் தெரியும், முக்கால்வாசி புரிந்திருக்கும். இருந்தாலும் பழக்கம். “என்னாண்ணே சொல்றாங்க?”

டாக்டரும் அவனைப் பார்த்தார். அறையில் மின்விசிறி சுற்றியது. எல்லப்பனுக்கு எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு ஒரு எடை இருப்பது போலவும், அதைத் தூக்கி அவள்மேல் வைக்கப்போவது தான்தான் என்பது போலவும் இருந்தது. பேசாமல் நின்றால் யாரும் எதையும் நீட்டிக்கொண்டு வரப்போவதில்லை என்பதும் இப்போது தெரியும். ஆனாலும் அவன் நின்றான்.

“வெளிய பண்றதுக்குக் கையில இருந்தா இங்க எதுக்கு வரப்போறோம்?” என்று சுக்ரா தனக்குத்தானே சொன்னாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, கன்னடத்தில், “காய்த்தீனி சார்” என்றாள். காத்திருக்கிறேன். டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். வெளியே அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

படியிறங்க வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் உட்கார்ந்தாள், அவன் நின்றான். மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் அவர்களை ஒதுங்கி நடந்தார்கள். ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எலெக்ட்ரானிக் சிட்டி வருமுன்னே அவள் தூங்கிவிட்டாள்.

அத்திப்பள்ளிக்கு முன்னால் பஸ் நின்றுபோனபோது பாயிடமிருந்து போன் வந்தது. எல்லப்பன் குரலைத் தணித்து எடுத்தான்.

“என்ன சொன்னாங்க?”

“பேர் எழுதிக்கிட்டாங்க பாய். கூப்பிடுவாங்களாம்.”

“எப்போ?”

“தெரியல.”

“நீ ஏதாச்சும் நடுவுல பேசினியா?”

“இல்ல பாய். சுக்ராவே சொல்லிட்டா.”

“சரி. மாத்திரையச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லு.” போன் அணைந்தது.

டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். முன்னால் எதுவும் நகர்வதாக இல்லை. எஞ்சின் சத்தம் போனதும் சுக்ரா மூச்சு இழுக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது, கிழிந்த துணியை மெல்ல மெல்ல இழுப்பது போல. எல்லப்பன் எட்டி, ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவிட்டான்.